ஏறாத பனை: ஒரு துக்கப் புத்தகத்துக்குப் படம் அமைந்த விதம்

சாயல்குடியைத் தாண்டி மூக்கையூர்ப் பக்கம் ஒரு கடலோர ஊர். அங்கே வாழ்நாள் முழுக்கப் பனை ஏறிய ஒருவர் இறந்துபோனார். மரத்திலிருந்து விழவில்லை. நெஞ்சுவலி, அப்புறம் மூச்சுத் திணறல், இராமநாதபுரத்தில் சில வாரம் ஆஸ்பத்திரி வாசம், அவ்வளவுதான். மூத்த மகள் தொண்டிப் பக்கம் பள்ளி ஆசிரியை. அப்பா போன பிறகு அவர் நோட்டில் எழுதிவைத்த குறிப்புகள் சேர்ந்து ஒரு சின்னப் புத்தகம் அளவுக்கு வந்துவிட்டன. விற்பதற்கான புத்தகம் இல்லை. வருசத் திதிக்கு வருகிற சொந்தபந்தத்துக்கும், அப்பாவோடு தொழில் செய்தவர்களுக்கும் கையில் கொடுப்பதற்கு. மரத்தை வைத்துப் படம் வேண்டும் என்று என்னிடம் வந்தார். நான் இராமநாதபுரத்தில் புத்தக வடிவமைப்பும் ஓவியமும் செய்கிறவன். அந்த வேலையில் எதை எடுத்தோம், எதை விட்டோம், ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். குடும்பத்தாரின் சம்மதம் உண்டு. பெயர்களை விட்டுவிடச் சொன்னார்கள், விட்டிருக்கிறேன்.

கொண்டுவந்த மரங்கள்

அந்த மூத்த மகளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முதல் நாள் அக்கா அலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். இலையே இல்லாத ஒரு மரம். அதிலிருந்து உதிர்கிற இலைகள் காற்றில் போகப் போகப் பறவைகளாக மாறுகின்றன. துக்கம் என்று தேடினால் முதலில் வந்து நிற்கிற படம் அதுதான். அழகாகவும் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மரம் எங்கே நிற்கிறது? நம் கரையில் பனையும் உடைமரமும் புன்னையும் பூவரசும் வருடம் முழுக்கப் பச்சையாகவே நிற்கின்றன. வேம்பு மாசியில் இலையைக் கொட்டுகிறது. கொட்டி முடிப்பதற்குள் தளிர் வந்து, பங்குனி, சித்திரையில் பூத்துவிடுகிறது. இங்கே இலை உதிர்வதைப் பார்த்து யாருக்கும் சாவு ஞாபகம் வராது. வாசல் கூட்டுகிற வேலைதான் ஞாபகம் வரும்.

அச்சகத்தில் கேட்டால் அவர்களிடமும் தயார் நிலையில் மரம் உண்டு. கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸுக்கு வைத்திருக்கிற குத்துவிளக்கு, தாமரை, மேகம் ஆகியவற்றோடு பட்டுப்போன மரம் ஒன்றும் கோப்பில் கிடக்கும். அதை நான் குறை சொல்ல மாட்டேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே ரோட்டைக் கடக்கிறவர் ஒரு நொடியில் விஷயத்தைப் புரிந்துகொள்ள அதுதான் சரி. ஆனால் புத்தகம் மடியில் வைத்துப் படிக்கிற சாமான். அதுவும் இந்தப் புத்தகத்தைப் படிக்கப் போகிறவர்கள் மரத்தைத் தொழிலாகத் தெரிந்தவர்கள். பொதுவான ஒரு மரத்தை அவர்கள் முன்னால் வைத்தால், "இது என்ன மரம்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

கத்தாரில் இருக்கிற அக்காவின் தம்பி வேறு யோசனை சொல்லியிருந்தார். அறுத்த அடிமரத்தின் குறுக்குவெட்டு, அதில் வருட வளையங்கள், ஒவ்வொரு வளையத்திலும் அப்பாவின் வாழ்க்கையில் ஒரு வருடம்: பிறந்தது, கல்யாணம், பிள்ளைகள், ஓட்டு வீடு கட்டியது. வடிவமைப்பாகப் பார்த்தால் நல்ல யோசனை. ஆனால் பனைக்கு வருட வளையம் கிடையாது. பனை, தென்னை எல்லாம் புல்லினத்துக்குக் கிட்டின சாதி. வேம்பிலும் புளியிலும் பட்டைக்கு அடியில் புது மரத்தை உண்டாக்குகிற ஒரு மெல்லிய அடுக்கு சுற்றிலும் இருக்கும். பனையில் அது இல்லை. பனையை அறுத்தால் வெளுத்த சதையில் எள் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள்தான் தெரியும். புள்ளிகள் ஓரத்தில் நெருங்கியும் நடுவில் கலைந்தும் இருக்கும். அந்த நெருங்கிய ஓரம்தான் வைரம். கூரைக்குப் போடுகிற பனங்கைக்கு எடுப்பது அதைத்தான், நடுச்சோறு உதவாது.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. வேம்பை வெட்டினால் காயத்தின் ஓரத்திலிருந்து புதுத் தசை உருண்டு வந்து சில வருடத்தில் வாயை மூடிவிடும். பனையில் அந்த அடுக்கு இல்லாததால் அடிமரத்தில் பட்ட வெட்டு மூடுவதில்லை. மரம் சாவதும் இல்லை. தலையில் குருத்து இருக்கிற வரை மேலே வளர்ந்துகொண்டேதான் போகும். வெட்டு அதே உயரத்தில், அதே அளவில் நிற்கும். இதை நான் அக்காவிடம் சொன்னபோது அவர் நோட்டை எடுத்து ஒரு பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டார். காலம் காயத்தை ஆற்றும் என்று அதில் எழுதியிருந்தாராம். "எழுதும்போதே பொய்யாத்தான் பட்டுச்சு தம்பி" என்றார்.

மரம் எது என்பது அத்தோடு முடிவாகிவிட்டது. ஆனால் பனையை வரைவதா, வேறு ஏதாவது செய்வதா என்பது அப்போதும் முடிவாகவில்லை. தமிழ்நாட்டின் மாநில மரம் அது. அரசு விளம்பரத்திலிருந்து கருப்பட்டிக் காபிக் கடைப் பலகை வரை அதன் கோட்டுருவம் இல்லாத இடமில்லை. விசிறித் தலை, நெட்டை உடம்பு, பின்னால் சூரியன். அதையே இன்னொரு தடவை போட எனக்கு மனசில்லை.

ஏறுகிற பக்கம்

அக்காவின் அப்பா ஏறிய மரங்கள் அவருக்குச் சொந்தமில்லை. பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து ஏறியவை. தோப்புக்காரரிடம் போய், இன்னாருடைய மரங்கள் எவை என்று கேட்டோம். "அது அவருக்குத்தானே தெரியும்" என்றார் அவர். கூடவே தொழில் செய்த ஒரு பெரியவர், அக்கா சித்தப்பா என்று கூப்பிடுகிறவர், வந்து காட்டிக்கொடுத்தார். அவரும் மரம் ஏறுவதை நிறுத்தியாயிற்று.

சித்தப்பா நேராக ஒரு மரத்துக்குப் போய் அடிமரத்தில் உள்ளங்கையை வைத்தார். "இந்தப் பக்கமாத்தான் ஏறுவாரு. கடலு முதுகுக்குப் பின்னால இருக்கும்."

பனையின் உடம்பு நெடுக மட்டை கழன்ற தழும்பு வரி வரியாக ஓடும். கையால் தடவினால் ஒவ்வொரு வரியும் விரலில் தட்டும், சில இடத்தில் சிராய்க்கும். சித்தப்பா கை வைத்த பக்கம் ஏறக்குறைய ஒரு சாண் அகலத்துக்கு வரிகள் மழுங்கியிருந்தன. இல்லாமல் போகவில்லை, கண்ணுக்குத் தெரிகின்றன, விரலுக்கு மட்டும் எட்டவில்லை. மாசி, பங்குனியில் தொடங்கி ஆனி, ஆடி வரைக்கும் காலையும் மாலையும் தளைநார் (இரண்டு பாதத்தையும் பிணைக்கிற நார் வளையம்) மாட்டிய பாதமும், மரத்தை அணைக்கிற நெஞ்சும் உரசி உரசி வந்த வழவழப்பு அது. பனையேறிகளின் நெஞ்சில் காய்ப்பு இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மரத்தின் பக்கம் என்ன ஆகிறது என்று நான் அதற்கு முன் யோசித்ததில்லை.

இதை வரைய முடியாது, பதிவு எடுக்கத்தான் வேண்டும் என்று அங்கேயே தோன்றியது.

கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பார்கள். கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துக் குழிக்குள் தாளை இறக்கி, அது காய்ந்து வருகிற பதத்தில் மையை ஒற்றுவார்கள். முதலில் அதைத்தான் செய்து பார்த்தோம். கல் அசையாது, தட்டையாக இருக்கும். பனை உருளை, சிலாம்பு வேறு. நனைந்த தாள் சிலாம்பில் மாட்டிக் கிழிந்தது. காய்கிற வரை காற்றும் விடவில்லை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அந்தத் தோப்பில் ஒரு செய்தித்தாளைக்கூட விரித்துப் பிடிக்க முடியாது.

துணிதான் வழி என்றானது. நான் மல் துணி வாங்கி வரச் சொன்னேன். அக்கா அதைக் கொண்டுவராமல் அப்பாவின் பழைய நாலு முழ வேட்டி இரண்டைக் கொண்டுவந்தார். எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம் இருந்தது. துக்கப் புத்தகங்களில் இறந்தவரின் பொருளைக் கொண்டுவந்து ஒட்டுவது சீக்கிரம் பொருட்காட்சி ஆகிவிடும். ஆனால் செய்து பார்த்ததில், துவைத்துத் துவைத்துக் கஞ்சியெல்லாம் போன அந்த வேட்டி, புது மல் துணியைவிட நன்றாகவே மரத்தோடு ஒட்டியது. புதுத் துணியின் விறைப்பு சின்ன வரிகளை மூடிவிடுகிறது. பழைய நூல் குழிக்குள் இறங்குகிறது. வேட்டி நின்றது அந்தக் காரணத்தால்தான். அது யாருடையது என்று புத்தகத்தில் எங்கேயும் போடவில்லை.

தேய்ப்பதற்கு வெறும் கரி உதவாது. மேலே ஒட்டாமல் உதிர்ந்துவிடும். மெழுகு சேர்த்த கரிக்கட்டி நாமே செய்துகொள்ளலாம். இராமநாதபுரம் மாவட்டத்தில் கரிக்குப் பஞ்சமில்லை. சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடி வட்டாரம் முழுக்க நடக்கிற தொழில். பதநீர் இல்லாத மாதங்களில் அக்காவின் அப்பாவும் அந்த வேலைக்குப் போனவர்தான். கரியை இடித்து, மெல்லிய துணியில் சலித்து, உருக்கிய தேன்மெழுகில் கலந்து, டப்பா மூடியில் ஊற்றி ஆறவிட்டோம். மெழுகுவத்தி மெழுகு மட்டும் போட்டால் வெயிலில் குழைந்து துணியில் அப்பிக்கொள்கிறது. தேன்மெழுகும் முன்பகலுக்கு மேல் தாங்காது. வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

வேட்டியை மரத்தில் சுற்றி, மேலும் கீழும் பருத்தி நாடாவால் இறுக்கிக் கட்டி, கட்டியைப் படுக்கைவாட்டில் பிடித்து மேலிருந்து கீழே ஒரே அழுத்தத்தில் தேய்க்க வேண்டும். அழுத்தம் மாறினால் மரத்தின் கதை போய்க் கையின் கதை வந்துவிடும். ஏறாத பக்கத்தில் வரிகள் கன்னங்கரேலென்று விழுந்தன. ஏறிய பக்கத்தில் துணி பெரும்பாலும் வெளிறியே நின்றது. சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, அதற்குள் வரிகளின் நிழல். அவர் இருந்த இடம் அப்படித்தான் பதிவானது.

ஏணி எட்டுகிற உயரம் வரைதான் எடுத்தோம். அதற்கு மேல் ஏறி எடுத்துத் தருகிறேன் என்று ஒரு இளவட்டம் முன்வந்தார். அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்கவில்லை.

அம்மா பிரித்தது

அடிமரத்துக்குப் பதிவு இருக்கிறது. தலைக்கு வரைய வேண்டும். பல பனைகளின் தலையைப் பென்சிலில் வரைந்து, அவர்கள் வீட்டுத் திண்ணையில் பரப்பி வைத்திருந்தேன். அக்காவின் அம்மா அதுவரை இந்தப் புத்தக விஷயத்தில் கலந்துகொள்ளவே இல்லை. காபி கொண்டுவந்து வைத்தவர், குனிந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு அடுக்காகப் பிரிக்க ஆரம்பித்தார்.

"என்னம்மா பாக்குறீங்க?" என்றேன்.

"இது ஏறுற மரம். இது ஏறாத மரம்."

சீசனுக்கு முன்னால் பனையேறி காவோலையை, அதாவது காய்ந்த ஓலையை, கழித்து, காய்ந்த மட்டையை அறுத்து, மட்டை அடியில் வலை மாதிரி இருக்கிற பன்னாடையைப் பிய்த்து மரத்தைச் சுத்தம் பண்ணுவார். பாளையை இடுக்கிக் கட்டி, சீவி, சுண்ணாம்பு தடவின கலயம் மாட்ட இடம் வேண்டும். மட்டை ஓரத்துக் கருக்கு கிழிக்காமல் உட்கார்ந்து வேலை பார்க்கவும் வேண்டும். அதனால் ஏறுகிற மரத்தின் தலை துப்புரவாக இருக்கும். ஆள் ஏறாத மரத்தில் காய்ந்த ஓலைகள் விழாமல் கழுத்தைச் சுற்றித் தொங்கும். வருடத்துக்கு வருடம் கனத்துக்கொண்டே போகும். காற்றடித்தால் அந்தச் சத்தம் வீடு வரைக்கும் கேட்கும்.

அம்மா இரண்டாவது அடுக்கைத் தட்டி, "எல்லா மரமும் இப்ப இப்படித்தான் நிக்குது தம்பி" என்றார்.

புத்தகத்தின் வடிவம் அந்தத் திண்ணையில் முடிவானது. நான் நாளெல்லாம் வரைந்து கொண்டுவந்ததை அவர் காபி ஆறுவதற்குள் தொகுத்துக் கொடுத்துவிட்டார். அடிமரம் முதல் பக்கத்திலிருந்து ஓரத்தில் ஒரே மாதிரி ஓடும். அது மாறாது, மாறவும் முடியாது. முன்பாதியில் தலைப்பக்கம் வெறுமையாக, சுத்தமாக இருக்கும். பின்பாதியில் மேலிருந்து காவோலை இறங்க ஆரம்பிக்கும். பக்கம் போகப் போகக் கீழே வரும். ஏணிக்கு மேலே பதிவு இல்லாத இடம் வெற்றுத் தாளாகவே இருக்கும்.

காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்ற பழமொழியை முதல் பக்கத்தில் போட வேண்டும் என்று சொந்தக்காரர்கள் இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். பனை என்றதும் எல்லோர் வாயிலும் வருகிற பழமொழி. போடவில்லை. அதில் காவோலை விழுகிறது. இந்த வீட்டுக் கதையில் அது விழாமல் தொங்குகிறது.

காவோலையை வரையக் கருப்பட்டி மை செய்தோம். கலம்காரிக்காரர்களின் பழைய முறை இது. துருப்பிடித்த இரும்பைக் கருப்பட்டித் தண்ணீரில் ஊறவைத்துச் சில வாரம் நொதிக்கவிட வேண்டும். வடிகட்டினால் பழுப்பு நிறத்தில் ஒரு நீர் கிடைக்கும். அது தனியாகக் கறுக்காது. கடுக்காய்க் கஷாயம் ஏற்றிய துணியிலோ தாளிலோ பட்டால்தான் கறுக்கும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து, காற்றுப் பட்டு வருகிற கறுப்பு அது. கோடு போடும்போது மங்கலாகத்தான் தெரியும். அடுத்த ஓலைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் முந்தைய கோடு கறுத்திருக்கும். தப்பாகப் போட்டதை உடனே கண்டுபிடிக்க முடியாது. நிதானமாக வரைகிறவருக்கு ஏற்ற மை. நாற்றம் தாங்குகிறவருக்கும்.

வீட்டில் அப்பா இறக்கிய கடைசி சீசன் பதநீரில் அம்மா காய்ச்சிய கருப்பட்டி கொஞ்சம் ஓலைப்பெட்டியில் இருந்தது. அதில் மை செய்தால் பொருத்தமாக இருக்கும் என்று அக்கா ஆசைப்பட்டார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அது திங்கிறதுக்கு. ஆணியை ஊறப் போடறதுக்கா?" என்று முடித்துவிட்டார். அவர் சொன்னது சரி. சாயல்குடிக் கடையில் வாங்கினோம். மை மையாகவே வந்தது.

காரங்காடு

ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி எழுதிய பகுதிக்குப் பனை ஒத்துவரவில்லை. அந்த வாரங்களில் அக்கா தொண்டிப் பக்கமிருந்து தேவிபட்டினம் வழியாகத் தினமும் பஸ்ஸில் வந்துபோனார். அந்த வழியில் காரங்காட்டில் அலையாத்திக் காடு இருக்கிறது. வனத்துறை படகு விட்டுச் சுற்றிக்காட்டுகிற இடம். எழுத்தில் பாதி மூச்சைப் பற்றியது: ஆக்சிஜன் குழாய், எண் காட்டுகிற சின்னத் திரை, ராத்திரி மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அலையாத்தி நிற்கிற சேற்றில் காற்று கிடையாது. அதனால் மண்ணுக்கடியில் ஓடுகிற வேரிலிருந்து பென்சில் பருமனில் மூச்சுவேர்கள் செங்குத்தாக மேலே வரும். கடல் வற்றம் இருக்கும்போது அவற்றின் மேலுள்ள நுண்துளைகள் வழியாகக் காற்று உள்ளே போகும், ஏற்றத்தில் மூழ்கிவிடும். மரத்தை விட்டுவிட்டு மூச்சுவேர்களை மட்டும் வரைந்தேன். முதல் பக்கத்தில் அடர்ந்த வரிசை, அப்புறம் தண்ணீர் ஏற ஏற நுனி மட்டும். தம்பி வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ஆணி அடிச்ச மாதிரி இருக்கு?" என்றார். விளக்கம் போடலாமா என்று யோசித்தோம். காரங்காட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்; மற்றவர்களுக்கு ஆணியாகத் தெரிந்தாலும் அந்தப் பகுதிக்குக் கெடுதல் இல்லை என்று விட்டுவிட்டோம்.

அலையாத்தி இலை உறிஞ்சிய உப்பை வெளியே தள்ளும். வெயிலில் இலை மேல் உப்புப் பூத்திருக்கும். அதைக் கண்ணீராக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு வேண்டியிருக்கவில்லை. படிக்கிறவரை அழச்சொல்லி இடிக்கிற படம் அது.

அச்சு

புத்தகம் 4.25 அங்குல அகலம், 11.5 அங்குல உயரம். அடிமரம் ஓட உயரம் வேண்டும். 13×19 அங்குலத் தாளில் இரண்டு விரிப்பு (எதிரெதிர்ப் பக்கங்கள் சேர்ந்தது ஒரு விரிப்பு) வீணாகாமல் விழுகிறது என்பது இன்னொரு காரணம். ஓலைச்சுவடி மாதிரி படுக்கைவாட்டில் போட்டுக் கயிறு கோக்கலாம் என்ற யோசனையும் வந்தது. கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் அதைச் செய்து சலித்துவிட்டார்கள்.

ஒடுங்கின பக்கத்தில் தமிழ் அடுக்குவது சிரமம். நம் சொற்கள் நீளம்; ஒரு வரிக்கு நாலைந்துதான் வரும். இரண்டு ஓரமும் நேராக வரும்படி அடுக்கினால் சொற்களுக்கு நடுவில் ஓட்டை ஓட்டையாக விழும். இடது ஓரத்தை மட்டும் நேராக வைத்து, வலதை அது போக்கில் விட்டோம்.

அதிகம் போராடியது அந்தச் சாம்பல் பட்டைக்குத்தான். பளபளப்புத் தாளில் பதிவு ஃபோட்டோ மாதிரி ஆகி, துணி என்பதே தெரியாமல் போனது. பளபளப்பில்லாத தாளில் நூலிழை வரை வந்தது. ஆனால் அந்தத் தாள் மையை உறிஞ்சிப் பரப்பும், நடுச் சாம்பல்கள் எல்லாம் ஒரு படி இருட்டாகும். ஏறின பக்கமும் ஏறாத பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. திரையில் பார்க்கும்போது வெளிறிப்போய்த் தெரிகிற அளவுக்கு அந்த நடுச் சாம்பல்களை வெளிறவைத்த பிறகுதான் தாளில் சரியான வித்தியாசம் வந்தது. அச்சகத்துத் தம்பி, "ஒண்ணுமே தெரியலையேண்ணே, இன்னும் கொஞ்சம் டார்க் வெக்கவா?" என்று ஒவ்வொரு மாதிரிக்கும் கேட்டார். அவரிடம் இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துக் காட்டி, இந்த வெளிறல்தான் புத்தகம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

48 பக்கம், 80 பிரதி. இரும்பு மையில் வரைந்த மூலங்களை உயர்ந்த தரத்தில் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். அந்தக் கறுப்பு நாள்பட்டால் தாளையும் துணியையும் அரிக்கக்கூடியது, ஈரக்காற்று இன்னும் சீக்கிரமாக்கும். மூலத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவதைவிட, உலர்ந்த இடத்தில் தாள்களுக்கு நடுவே வைப்பது நல்லது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். வேட்டிப் பதிவுகளில் கரியும் மெழுகும்தான் என்பதால் அந்தப் பயம் இல்லை. வெயிலும் எலியும் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

திதியன்று பிரதி வாங்கினவர்களில் தொழில்காரர்கள் பெரும்பாலும் எழுத்தைப் படிக்கவில்லை, ஓரத்தைத்தான் பார்த்தார்கள். சித்தப்பா மரத்தை அடையாளம் சொன்னார். வேறொருவர், பின்பாதியில் காவோலை இறங்குகிற பக்கங்களைப் புரட்டிவிட்டு, அந்தத் தோப்பை யாராவது பாட்டத்துக்கு எடுக்கிறார்களா என்று தோப்புக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

கத்தாரில் இருக்கிற தம்பிக்குத் திதிக்கு லீவு கிடைக்கவில்லை. அலைபேசியில் பார்க்க ஒரு கோப்பு கேட்டார். ஒடுங்கின நெட்டைப் பக்கம் அலைபேசிக்கு அப்படியே பொருந்திவிட்டது. ஆனால் திரையின் வெளிச்சத்தைக் குறைத்தால் ஏறின பக்கம் வெறும் வெள்ளையாகிவிடுகிறது. அவர் பெரும்பாலும் ராத்திரி ஷிஃப்ட் முடித்து அறையில் விளக்கை அணைத்த பிறகுதான் பார்ப்பேன் என்றார். அவருக்கான கோப்பில் மட்டும் அந்தப் பட்டையின் கருமையைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன்.